ராணி தலைக்கு மேல் ஓட்டை

என் பவுன் காசை லென்ஸ் வைத்துப் பார்த்த நாணயக் கடைக்காரர், "ராணி தலைக்கு மேல ஓட்டை போட்டுக் கெடுத்துப்போட்டாங்களேங்க. கடைசித் தரந்தானுங்க. அடைச்சுத் தரட்டுங்களா?" என்றார்.

ஓட்டையின் விளிம்பில் பழைய மஞ்சள் ஒட்டியிருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் அவிநாசி வீட்டில், அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த அந்தக் காசை உருக்கித் தன் மகனுக்கு மோதிரம் செய்யப்போவதாகப் பெரியப்பா சொன்னார். அம்மா நேரே ஆசாரியிடம் போய் ஓட்டை போட்டு, தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். மறுநாள் பெரியப்பாவுக்குக் காப்பி கொடுக்கும்போது, மஞ்சள் மணக்கும் கொடியை வெளியே எடுத்துவிட்டாள்.

"காசு இங்கதானுங்க மாமா இருக்குது. கழட்டித் தரட்டுங்களா?"

பெரியப்பா காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

கடைக்காரர் கையிலிருந்து காசை வாங்கிக்கொண்டேன்.

"அடைக்கிற வேலையே வேண்டாமுங்க. இந்த ஓட்டையாலதான் காசு தப்பிச்சுது. என் ஆல்பத்துல இதுதானுங்க முதல் தரம்."