நண்பனிடம் மறைத்த பதில்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் எனக்கு ஒரு அரசாங்க வேலை கிடைக்கவிருந்தது. கடற்படைக் கப்பல்களுக்கு வரைபடம் கீறும் அலுவலகம். அங்கே எனக்கு முன்பே சேர்ந்திருந்த நண்பன்தான் என்னை விண்ணப்பிக்க வைத்தவன். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். புட்ஸ்கிரே என்ற புறநகரில் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

அந்த வரைபடங்களைத் தொட வேண்டுமானால் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது போதைப்பொருள் பாவித்ததுண்டா?

பாவித்திருந்தோம். நாங்கள் வந்த முதல் வருடம், கூட இருந்த வெள்ளைக்காரப் பெடியள் சுருட்டித் தந்த கஞ்சாவை ஒரு கோடை முழுவதும் பின்வளவில் இருந்து புகைத்தோம். அவர்கள் வீடு மாறிப் போக, பழக்கமும் போய்விட்டது.

"இல்லை எண்டு எழுது. நானும் அப்பிடித்தான் எழுதினனான்," என்றான் நண்பன். "எழுத்தில குடுத்தால் ஊருக்குக் கதை போகும். உன்ர தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகினம், மறந்திடாதை."

நான் 'ஆம்' என்றே எழுதினேன். வீட்டில் இருந்த எல்லோரும் புகைத்தோம் என்றும் எழுதினேன். இதில் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. பொய் பிடிபட்டால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்தை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் கேட்டபோது, "ஓம், இல்லை எண்டுதான் போட்டனான்," என்றேன். என்னை நன்றாக அறிந்தவர் யார் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதியிருந்தேன். வேறு யாரை எழுதுவது?

ஒரு அதிகாரி அவனைக் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரித்தார். எங்கள் சனத்திடம் ஒரு பெடியனைப் பற்றி யாராவது விசாரித்தால் அது கலியாண விசாரணைதான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவனும் குறைவைக்கவில்லை. சிகரெட் தொடமாட்டான், குடிக்கமாட்டான், வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடமாட்டான், கஞ்சாவின் மணம்கூடத் தெரியாது என்று அடுக்கினான். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு, கடைசியில் என் படிவத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு அவனுடைய பழைய படிவத்தையும் எடுத்தார்.

எனக்கு அனுமதி வந்தது. இளவயதுப் பழக்கம், விட்டுக் கனகாலம், தானாகவே சொல்லியிருக்கிறார் என்றார்கள். அவனுடைய அனுமதியைப் பறித்தார்கள். கஞ்சாவுக்காக அல்ல, இரண்டு தரம் பொய் சொன்னதற்காக. அனுமதி இல்லாவிட்டால் அங்கே வேலையும் இல்லை.

சிட்னியில் ஒரு தொழிற்சாலையில் இடம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, புறப்பட்டான். ரயில் நிலையத்துக்கு அவன் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ உண்மையை எழுதினது பிழையில்லை மச்சான்," என்றான். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நானும் உண்மையைச் சொல்லியிருப்பன்."

அவனே பெட்டியை வாங்கி ஏற்றினான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அங்கே ஒரேயொரு மேசைதான் காலியாக இருந்தது. அவனுடைய மேசை. பதினெட்டு வருடம் அதிலிருந்துதான் வரைந்தேன்.