முழங்காலுக்கு லைட் வைத்தவன்

அடுத்தவர் முழங்காலைப் பார்த்தே காலம் தள்ளின பிழைப்பு என்னுடையது. உட்கார்ந்தால் எழ முடியாமல், எழுந்தால் உட்கார முடியாமல் அவதிப்படும் அன்பர்களே, உங்களை எனக்கு முகத்தைவிட முழங்காலால்தான் நன்றாகத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், டெல்லி ஜங்புராவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்காரர்களுக்கு லைட் வைக்கிற வேலை. இரண்டு இன்ஃப்ராரெட் விளக்கு, நடுவே ஒரு பச்சைத் திரை, நான். டிபார்ட்மெண்ட் அவ்வளவுதான்.

பல்பு வைத்தியம்

லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து செக்‌ஷன் ஆபீசர் சுந்தரேசன் வருவார். இரண்டடி தள்ளி விளக்கை வைத்து, கால் மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வேன். தேய்ந்த எலும்பு இதனால் வளராது சார், வலி கொஞ்சம் தணியும், தணிந்த கையோடு காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யணும் என்று தினமும் ஓதுவேன். பயிற்சி என்றதும் மனுஷர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு நாள் கேட்டார்: “ஏம்ப்பா, ஆபீஸ்ல என் தலைக்கு மேலயே பல்பு எரியறது. மேஜை மேல காலைத் தூக்கி வச்சுண்டா போறாதா?”

திங்கட்கிழமைக் கெடு

அஞ்சலையம்மா, தமிழ்க் கூலிக்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைக்கிற வேலை. அதில் நல்ல சம்பளம் தருகிற வீடு மூன்றாவது மாடியில். படிக்குப் படி நின்று ஏறியதில் தினமும் நேரமாகிவிட, அந்த வீட்டு அம்மாள் கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து நேரத்துக்கு வரவில்லை என்றால் வேறு ஆள். அன்று வியாழன். பத்து நாள் லைட் வைக்கணும் என்றேன். விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பத்து நாளு சூட்டையும் ரெண்டு நாள்ல வச்சு வுட்டுரு சார். நான் தாங்குவேன்.”

தாங்குதா?

அதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, ஏன் கூடாதென்று விளக்கிச் சொல்லவில்லை. சனிக்கிழமை அஞ்சலையம்மாவை விளக்குக்கு முன்னால் உட்கார வைத்த கையோடு சுந்தரேசன் சார் வந்து, ஆபீஸுக்கு நேரமாச்சு, ஜல்தி ஜல்தி என்று பறந்தார். திரைக்கு இந்தப் பக்கம் ஓடி வந்து அவருக்கு விளக்கை வைத்தேன். அவர் ஆபீஸில் நடந்த பிரமோஷன் கூத்தைச் சொல்ல ஆரம்பிக்க, நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன், தாங்குதாம்மா என்று. தாங்குது சார் என்று பதில் வந்தது.

அந்தக் கேள்வியே தப்பு. இதமாக இருக்கிறதா என்றுதான் கேட்கணும். ஆயுசு முழுக்கத் தாங்கியே பழகினவரிடம் தாங்குதா என்றால் வேறென்ன சொல்வார்? எழுந்துபோய்ப் பார்க்க நாலடிகூட இல்லை. கால் மணி நேரம் முடிந்து கடிகார மணி அடித்ததும் திரையை விலக்கினேன். அட கடவுளே! நாற்காலியை விளக்கோடு ஒட்டி இழுத்துப் போட்டிருந்தார். முழங்கால் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “இன்னும் அஞ்சு நிமிசம் வுடு சார், வலி வுட்டுப்போவுது.”

டாக்டர் முன்னால்

டாக்டர் ஒரு பஞ்சாபி அம்மாள், மூக்குக்கு மேல் கோபம். மருந்து தடவிக்கொண்டே, இவ்வளவு கிட்டே எப்படி வந்தது என்று என்னைப் பார்த்துச் சீறினார். நாற்காலியை நகர்த்தக்கூடாதென்று நான் சொல்லவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். புது வேலை, போய்விடுமோ என்று பயம். அஞ்சலையம்மா முந்திக்கொண்டார். இழுத்தது தான்தான், சார் மேல் தப்பில்லை என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: “மைனே கீஞ்சா, டாக்டர்ஜி. சாப் கா கல்தி நஹி.”

கட்டுப் பிரித்த நாள்

டாக்டர் அதையே சீட்டில் எழுதினார். எழுதட்டும் என்று நான் மரம் மாதிரி நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. காலை மடக்கவே முடியாதவருக்குத் திங்கட்கிழமை ஏது, மாடிப்படி ஏது? கட்டுப் பிரிக்க வந்தபோது மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போனேன். வாயில் வந்தது, வேலை என்னாச்சும்மா என்ற கேள்வி. காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: “வேற ஆளு போட்டுட்டாங்க சார். போவட்டும், இனிமே மூணு மாடி ஏற வேணாம். காலுக்கு நல்லதுதானே?”

நான் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, இவர் கைராசிக்காரர், ஒருத்தர் காலும் இவர் கையில் சுட்டதில்லை என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள், அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.