முகமதியாவில் இருபத்தெட்டு நிமிட நிறுத்தம்

காசாபிளாங்காவுக்கு வரும் உல்லாசக் கப்பல்களை நடத்துபவர்கள் கேப்டன்கள் என்று படித்தவர்களிடையேகூட ஒரு நம்பிக்கை உலவுகிறது. கேப்டன்கள் கப்பலைக் கொண்டுவந்து துறைமுகத்தில் கட்டுவார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு கரையிறங்கும் இரண்டாயிரம் பேர் எங்கே போவது, எதைப் பார்த்து வியப்பது, எத்தனை நிமிடம் வியப்பது, எந்தக் கழிப்பறையில் வரிசை நிற்பது, எப்போது திரும்பிவந்து படியேறுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் துரியா செர்கீனி. துறைமுக வாசலுக்கு எதிரே, வலைகாயும் வாசம் எந்நேரமும் அடிக்கும் ஒரு மாடியறையில் அவருடைய அலுவலகம் இருக்கிறது. வயது ஐம்பத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவர். மலைகளின் உயரமும் ஆறுகளின் நீளமும் அவருக்குத் தெரியும். ஆனால் எந்த அரண்மனைக்கு எத்தனை படிகள், எந்தச் சந்தையில் மூட்டுவலிக்காரர் உட்கார ஒரு திண்டு உண்டு, எந்த மசூதியின் முற்றத்தில் மூன்று மணிக்கு நிழல் விழும் என்பதை எந்தப் பேராசிரியரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவராகவே நடந்து, எண்ணி, எழுதிக்கொண்டது.

அவர் எழுதும் பயணத்தாளுக்குத் துறைமுகத்தில் தனி மரியாதை உண்டு. இடம், சேரும் நேரம், கிளம்பும் நேரம், படிகள், நிழல், கழிப்பறை என்று கட்டங்கள் போகும். ரமலான் மாதத்தில் மட்டும் ஏழாவதாக ஒரு கட்டம் முளைக்கும். அதன் தலைப்பு: த்ரம்தீனா. விடியலிலிருந்து சோறு தண்ணீர் மட்டுமல்ல, சிகரெட்டும் இல்லாமல் இருப்பவனுக்கு மாலை நெருங்க நெருங்க உச்சிக்கு ஏறுமே ஒரு வெறி, அதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஓட்டுநர்களின் த்ரம்தீனா எத்தனை மணிக்கு எந்த அளவில் இருக்கும் என்பதை ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டுத் துரியா குறித்துவைப்பார். அவரிடம் உள்ள நான்கு பஸ்களின் மூத்த ஓட்டுநர் பூஅஸ்ஸாவுக்கு மாலை ஆறு மணிக்கு எண் பதினொன்று.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு ரமலானில், நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்றுமுன் துரியாவின் பஸ் ஒன்று நகரத்துக்குள் நுழையும் ஐன் செபா ரவுண்டானாவில் ஒரு மீன் வண்டியை லேசாக உரசியது. உரசல் ஒரு விரல் நீளம். அதைப்பற்றிய விவாதம் ஒன்றே கால் மணி நேரம். கப்பல் காத்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற பெல்ஜியம் ஆசிரியர்கள் பதினொரு பேர், செருப்பும் தொப்பியுமாக, தங்கள் மருந்து மாத்திரைகள் கடலில் போவதைக் கரையில் நின்று பார்த்தார்கள். அவர்களை அடுத்த துறைமுகமான அகாதிருக்குத் தரைவழியே கொண்டுபோய்ச் சேர்த்தது துரியாதான். அன்றைக்குப் பிறகு அவருடைய பஸ் ஒன்றுகூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை. மாலை நாலரைக்கும் ஏழுக்கும் இடையில் இந்த நகரம் எப்படி மூச்சு விடுகிறது என்பதை அதன்பின் வந்த ஒவ்வொரு ரமலானிலும் தெருமுனைகளில் நின்று அவர் குறித்திருக்கிறார். வைத்தியர்கள்கூட நாடியை இவ்வளவு நேரம் பிடிப்பதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழுக்கு வரவேண்டிய கப்பல், கடல் கொந்தளிப்பால் துறைமுகத்துக்கு வெளியே நின்று ஆடிவிட்டு, பன்னிரண்டரைக்குத்தான் கட்டப்பட்டது. கிளம்பும் நேரம் மட்டும் மாறவில்லை. ஏழே காலுக்குப் படியைத் தூக்கிவிடுவார்கள். தலைநகர் ரபாத் போய்வர நூற்று எண்பத்து நான்கு பேர் பதிந்திருந்தார்கள். கப்பலின் கரைப்பயண அதிகாரி தாவோர், குரோஷியாக்காரர், முப்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"மேடம் துரியா, ரபாத்தை ரத்து பண்ணிடலாம். ஊருக்குள்ளயே ஒரு சுத்து சுத்திக் காட்டிடுங்க."

"எதுக்கு? ரபாத் எங்கயும் போயிடலையே."

"நேரம் போயிடுச்சே! சரி, போறதா இருந்தா நாலு மணிக்கு அங்கேருந்து கிளம்பிடணும். முன்னாடியே வந்துடலாம்."

"நாலு மணிக்குக் கிளம்பினா லேட்டா வருவீங்க. நாலு அம்பதுக்குக் கிளம்பினா சீக்கிரம் வருவீங்க."

தாவோர் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். ஆகவே அவருக்கு இது புரியவில்லை. துரியா பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கியிருந்தார். ஒன்றே காலுக்குப் புறப்பாடு. ரபாத்தில் இரண்டு மணி நேரம்: கோபுரம் முப்பத்தைந்து நிமிடம், கடலோரக் கோட்டை ஐம்பது, மிச்சம் நடை. நாலு ஐம்பதுக்குத் திரும்பல். ஆறே காலுக்கு முகமதியா. அங்கே இருபத்தெட்டு நிமிடம் நிறுத்தம்.

"நிறுத்தமா? துறைமுகத்துக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும்போது நிறுத்தமா?" என்றார் தாவோர்.

"ஆறு முப்பத்து மூணுக்குச் சூரியன் இறங்குது. அதுக்கு முன்னாடி ஐன் செபால நுழையறவன் மனுஷனே இல்ல."

தாவோர் கப்பலுக்குப் பேசினார். கப்பல் ஒரு கடிதம் அனுப்பியது. பஸ்கள் தாமதமானால் கப்பல் நிற்காது, நூற்று எண்பத்து நான்கு பேரையும் அகாதிர் சேர்ப்பது துரியாவின் பொறுப்பு, இந்தக் கப்பல் நிறுவனத்தின் வேலை இனி அவருக்கு இல்லை. கடிதத்தை இருமுறை படித்த துரியா, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு முகமதியாவில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஹாஜ்ஜா ரஹ்மாவுக்குப் போன் போட்டார்.

"ஹாஜ்ஜா, மண்டபம் காலியா?"

"ரமலான்ல எவ கல்யாணம் பண்ணிக்கிறா? எலி ஓடுது. உனக்கு என்னடி வேணும்?"

"பதினோரு கழிப்பறையும் திறந்து வைங்க. நூத்தி எண்பத்தி நாலு பேருக்கு ஹரீரா சூப். நாலு டிரைவருக்குப் பேரீச்சம்பழம், பால், முட்டை. பாங்கு சொன்ன நிமிஷம் கையில இருக்கணும்."

"மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் ஹாஜ்ஜா."

"அதான் நல்ல கல்யாணம். வா, வா."

ரபாத் பயணம் தாளில் எழுதியபடி நடந்தது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல திட்டத்தின் கெட்ட குணமே அதுதான். கோபுரத்தை முப்பத்தைந்து நிமிடம் வியந்தார்கள். நாலு ஐம்பத்திரண்டுக்குப் பஸ்கள் கிளம்பின. முதல் பஸ்ஸில் பூஅஸ்ஸா ஓட்ட, பின்னால் துரியாவும் தாவோரும். திரும்பும் வழியில், பயணத்தாளின் நகலைக் கையில் வைத்திருந்த வேல்ஸ் நாட்டுப் பாட்டி ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, இந்த த்ரம்தீனா எந்தப் பக்கம் வரும்? வலதா, இடதா?"

துரியா மரியாதையாக ஓட்டுநரின் முதுகைக் காட்டினார். "முன்னாடி. கிட்டப் போகவேண்டாம், தூரத்திலிருந்து எடுங்க."

பூஅஸ்ஸா திரும்பிப் பார்த்த பார்வையைப் பாட்டி பதிவுசெய்தார்.

ஆறு பதினாறுக்கு நான்கு பஸ்களும் மண்டபத்து முற்றத்தில் நின்றன. வாசலுக்கு வெளியே முழு மாநிலமும் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டி வாங்கியவன், வாங்காதவன், ஸ்கூட்டரில் மூன்று பேராக முட்டை அட்டையை மடியில் வைத்தவர்கள், சிவப்பு விளக்கைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டவர்கள். ஹாரன் சத்தம் ஒரே கோடாகக் கேட்டது. பயணிகள் பதினோரு கழிப்பறைகளுக்கும் முறையாகப் பிரிந்தார்கள். முடித்து வந்தவர்கள் மண்டபத்தில் மணப்பெண் உட்காரும் வெள்ளிச் சிம்மாசனத்தில் மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் முப்பத்தெட்டு வருடத்து மனைவியை இரண்டாம் முறை மணந்துகொண்டார்.

தாவோர் மட்டும் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஆறு இருபத்தைந்துக்குப் பொறுமை முடிந்து, பஸ் படியில் உட்கார்ந்திருந்த பூஅஸ்ஸாவிடம் போனார்.

"வண்டியை எடுங்க. நான் உத்தரவு போடறேன்."

பூஅஸ்ஸா தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற துரியாவிடம், பெண்களை 'லாலா' என்றும் ஆண்களை 'ஸீ' என்றும் மரியாதையாக அழைக்கும் எங்கள் ஊர் மொழியில் சொன்னார்: "லாலா துரியா, இந்தப் பையனை என் கண்ணுக்கு முன்னாடியிருந்து எடுங்க. நான் நல்ல மனுஷன். எட்டு நிமிஷத்துக்கு அப்புறம்."

"மேடம், இவர் என்ன சொல்றாரு?"

"உங்க சட்டை நல்லா இருக்குன்றாரு," என்றார் துரியா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க பாருங்க தாவோர். இந்த நேரத்துல இவரை ரோட்டுல விட்டா, முதல் ஸ்கூட்டர்க்காரன் முறைச்சதும் இறங்கிடுவாரு. அவனும் இறங்குவான். அவங்களப் பிரிக்க நாப்பது பேர் இறங்குவாங்க. அப்புறம் நீங்களும் நானும் அகாதிர் வரைக்கும் பேசிக்கிட்டே போகலாம்."

"பாங்குக்கு அப்புறம் மட்டும்?"

"பாங்குக்கு அப்புறம் ரோடே இருக்காது. அதாவது, ரோடு மட்டும்தான் இருக்கும்."

இப்படித் தெளிவாகச் சொல்லிவிட்டுத் துரியா கடிகாரத்தை மறுபடி பார்த்தார். பத்தொன்பது வருடம் என்பது நீளமான காலம். அது ஒரே ஒரு மாலையில் முடிந்துபோகக்கூடியது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? பெல்ஜியம் ஆசிரியை ஒருவர், கப்பல் போன திசையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்லை குழந்தை" என்று துரியாவின் தோளைத் தட்டியது இன்னும் அந்தத் தோளிலேயே இருந்தது.

ஆறு முப்பத்து மூன்று. மசூதியிலிருந்து பாங்கு எழுந்தது. ஹாரன் சத்தம், யாரோ கையால் பொத்தியது போல, நின்றது. ஓட்டுநர்கள் ஒரு பேரீச்சம்பழம், மூன்று மிடறு பால், ஒரு கிண்ணம் ஹரீரா, ஒரு முட்டை என்று வரிசை மாறாமல் உள்ளே தள்ளினார்கள். கடைசியாகப் பூஅஸ்ஸா சிகரெட்டைப் பற்றவைத்தார். முதல் இழுப்பில் நெற்றிச் சுருக்கம் போனது. இரண்டாவதில் உலகத்தை மன்னித்தார். மூன்றாவதில் தாவோரைப் பார்த்துச் சிரித்து, "சாப்பிட்டியா தம்பி? மெலிஞ்சு போயிருக்கியே" என்று ஒரு முட்டையை உரித்து நீட்டினார். துரியா ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தலைகளை எண்ணத் தொடங்கினார்.

நூற்று எண்பத்து மூன்று.

மறுபடி எண்ணினார். நூற்று எண்பத்து மூன்றுதான். மணி ஆறு நாற்பத்து மூன்று. கழிப்பறைகள் பதினொன்றையும் தட்டிப் பார்த்தாயிற்று. சிம்மாசனம் காலி. தாவோரின் முகம் அவருடைய சட்டையின் நிறத்துக்கு வந்தது. ஆறு நாற்பத்தாறுக்குச் சமையலறைக் கதவு திறந்து, ஹாஜ்ஜா ரஹ்மா ஒரு கிழவரை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"உன் ஆளு! மூணாவது கிண்ணத்துல இருக்காரு. போகச் சொன்னா ரெசிபி கேக்கறாரு!"

"கிண்ணத்தோட ஏத்துங்க!" என்று துரியா கத்தினார். கிண்ணத்தோடு ஏற்றினார்கள்.

பஸ்கள் வெளியே திரும்பின. பயணிகளின் பேச்சு தானாக அடங்கியது. சற்றுமுன் ஒரு மாநிலமே ஓடிக்கொண்டிருந்த சாலையில் இப்போது ஒரு பூனை நடந்தது, அதுவும் நடுக்கோட்டில். விளக்குகள் யாருமில்லாத வீதிக்குப் பச்சையும் சிவப்பும் காட்டிக்கொண்டிருந்தன. ஐன் செபா ரவுண்டானாவில் போக்குவரத்துக் காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் கிண்ணமும் கையில் கரண்டியுமாக இருந்தார். எழுந்திருக்கவில்லை. கரண்டியாலேயே 'போ, போ' என்று காட்டினார். நடுவழியில் நின்றிருந்த டிராமுக்குள் ஓட்டுநர் தேன்பலகாரம் கடித்துக்கொண்டிருந்தார். நாற்பது லட்சம் பேர் வசிக்கும் நகரம், நான்கு பஸ்களுக்காக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது போலிருந்தது. வெல்ஷ் பாட்டி கேமராவை எடுக்க மறந்துபோனார்.

"எல்லாரும் எங்க போனாங்க?" என்று தாவோர் கிசுகிசுத்தார்.

"சாப்பிட. இன்னும் இருபது நிமிஷத்துல டீ குடிச்சிட்டு மறுபடி வந்துடுவாங்க. அதுக்குள்ள நாம போயிடணும்," என்றார் துரியா. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பூஅஸ்ஸா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

ஏழு ஏழுக்கு முதல் பஸ் கப்பலடியில் நின்றது. நான்காவது ஏழு ஒன்பதுக்கு. படிவாசலில் இருந்த இயந்திரம் ஒவ்வொரு அட்டைக்கும் ஒருமுறை ஒலித்தது. துரியா கீழே நின்று ஒலியைக் காதால் எண்ணினார், கண்ணை நம்பவில்லை. நூற்று எண்பத்து நான்காவது ஒலி கிண்ணத்துக்காரருடையது. தாவோர் கடைசியாகப் படியில் கால்வைத்துத் திரும்பினார். குலுக்கக் கையை நீட்டியவர், ஏனோ அதை நெஞ்சில் வைத்து, எங்கள் ஊர்க்காரர்கள் செய்வதுபோலத் தலையைக் குனிந்துவிட்டு ஏறிப்போனார்.

ஏழே காலுக்குப் படி மேலே போனது. கயிறுகளை அவிழ்த்தார்கள். மேல்தளத்து ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கரை முழுக்கக் கேட்டது: தாமதமான வருகைக்கு வருந்துகிறோம், நல்லவேளையாக இன்று காசாபிளாங்காவில் போக்குவரத்து மிகவும் சாதகமாக இருந்ததால் ரபாத் சென்ற விருந்தினர்கள் அனைவரும் குறித்த நேரத்தில் திரும்பிவிட்டார்கள்.

பூஅஸ்ஸா இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைக்கப் போனவர் நிறுத்தினார்.

"கேட்டீங்களா லாலா? நல்லவேளையாம். சாதகமா இருந்துச்சாம்."

"சரியாத்தானே சொல்றாரு."

"என்ன சரி? உங்க பேரைச் சொன்னாரா? ஒரு வார்த்தை?"

துரியா கைப்பையிலிருந்து ஹாஜ்ஜா கட்டிக்கொடுத்த முட்டையை எடுத்து, கப்பல் கட்டும் இரும்புத்தூணில் தட்டி உடைத்தார். அன்றைக்கு அவர் நிம்மதியாக உட்கார்ந்தது அப்போது, அந்தத் தூண்மேல்தான்.

"ஸீ பூஅஸ்ஸா, அவரு கேப்டன். கப்பலுக்கு முன்னாடி பாறை இல்லாம இருந்தா, பாறை இல்லைன்னுதான் சொல்லுவாரு. பாறை எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் பேரை யாராவது சொல்றாங்களா?" முட்டையில் உப்பைத் தூவிக் கடித்தார். "உப்பு கம்மி. கிளம்புங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல ரோட்டுல ஆள் வந்துடும்."