தங்கைக்குக் கார்டு பர்ஸ் வாங்கிக்கொண்டு கிள்ளான் போன கதை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, சுங்கை பூலோவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய், அங்கிருந்து கிள்ளானுக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. கிள்ளானில் தையல் கடை வைத்திருக்கும் என் தங்கை சரோஜாவின் கிரெடிட் கார்டில் யாரோ மூன்று தடவை பொருள் வாங்கிவிட்டார்கள். மொத்தம் 1,840 வெள்ளி. வெளிநாட்டுக்காரர்கள் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். வாங்கிய கடை எந்தத் தேசத்தில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று, கார்டைப் பாதுகாக்கிற பர்ஸ் ஒன்று பிரிக்பீல்ட்ஸில் விற்கிறார்களாம், வாங்கிக்கொண்டு வா, அப்படியே பேங்குக்கும் துணைக்கு வா என்று போனில் சொன்னாள். அதற்கு மட்டும் என்றால் பேத்தியை அனுப்பியிருப்பேன். அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது. திருடியது அவள் கடையில் ஆறு வருஷமாக ரவிக்கை தைக்கும் மாலதிதானாம். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் நூல் வாங்கிவரக் கார்டைக் கொடுத்து அனுப்பினாளாம், அதற்குப் பிறகுதான் காசு போனதாம். மாலதிக்குச் சோறு கொண்டுவந்த அவள் மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே மாலதியின் கைப்பையைத் தையல் மேசைமேல் கொட்டிப் பார்த்தாளாம். வேலைக்கு வராதே என்று அனுப்பியும் விட்டாளாம். இதையெல்லாம் கெட்டிக்காரத்தனம்போல என்னிடமே சொல்கிறாள்.

சரோஜாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவளுடைய நிச்சயதார்த்தத்தன்று ஒரு தோடு காணாமல் போனது. முதலில் என் பையைத்தான் கொட்டினாள். பச்சைப் பை, பிடியில் கறுப்புத் தையல். தோடு அவள் தலையணை உறைக்குள்ளேயே கிடைத்தது. இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு மறந்துபோயிருக்கும், எனக்கு மறக்கவில்லை. மாலதி எடுத்தாளா இல்லையா என்பதை நானே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

சுங்கை பூலோவிலிருந்து கொமுட்டர் ரயில். காலை எட்டே காலுக்கு ஏறினால் கோலாலம்பூரின் பெரிய ஸ்டேஷனான கே.எல். சென்ட்ரலுக்கு அரை மணி நேரம், சில நாள் கொஞ்சம் கூட. வயதானவர்கள் அடையாள அட்டையைக் காட்டி கவுண்டரில் டிக்கெட் எடுத்தால் பாதிக் கட்டணம். அன்றைக்கு வரிசை நீளம் என்பதால் பயணக் கார்டையே நுழைவாயில் கதவில் தட்டிவிட்டு ஏறினேன். நடுவில் இளஞ்சிவப்பு நிறத்தில் பெண்களுக்கென்றே பெட்டி இருக்கிறது, அதில் ஏறுங்கள். ஏறியதும் பையை மடியில் வைத்துக்கொண்டேன். சரோஜா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். திருடன் பைக்குள் மெஷின் வைத்துக்கொண்டு பக்கத்தில் உரசி நின்றாலே கார்டில் இருப்பதை உறிஞ்சிவிடுவானாம். அதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினால் பக்கத்தில் நிற்கிறவர் எல்லாரும் திருடராகத்தான் தெரிகிறார்கள்.

சென்ட்ரலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் பத்து நிமிட நடை. தீபாவளி நேரம் என்பதால் நடைபாதையில் முறுக்கும் விளக்கும் சேலையும் நெருக்கிக்கொண்டு இருந்தன. பூக்கடைகளைத் தாண்டி, பெல்ட்டும் கைக்கடிகாரமும் தொங்கும் ஒரு கடையில் அந்தப் பர்ஸ் இருந்தது. கடைக்காரர் தன் கார்டைக் கைப்பேசியின் முதுகில் வைத்தார், கீச்சென்று சத்தம் வந்தது. அதே கார்டைப் பர்ஸுக்குள் வைத்துக் காட்டினார், சத்தம் இல்லை.

“பாத்தீங்களா ஆன்டி? இரும்புக் கோட்டை லா இது.”

சத்தம் வராவிட்டால் திருட்டும் வராதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அதுக்கு மேல நான் கேரண்டி கொடுத்தா நான் ஏன் பர்ஸ் விக்கிறேன், பேங்க் வச்சிருக்க மாட்டேனா?” என்றார். நேர்மையான ஆள். 55 வெள்ளி சொன்னார், 39க்கு வாங்கினேன். மெல்லிய தாள் உறை மாதிரியும் இருக்கிறது, ஐந்து உறை 10 வெள்ளி. அந்தத் தெருவிலேயே வாழையிலைச் சாப்பாடு முடித்துக்கொண்டேன்.

திரும்ப சென்ட்ரலுக்குள் நுழையும்போது பர்ஸைச் சோதித்துப் பார்த்தேன். பயணக் கார்டை அதற்குள் வைத்து, பர்ஸோடு கதவில் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன், திறக்கவில்லை. பின்னால் நின்ற மலாய்க்காரப் பெண் கார்டை வெளியே எடுக்கச் சொல்லிக் கை காட்டினாள். ஆக, பர்ஸ் தடுப்பது உண்மை. அதில் பொய் இல்லை.

சென்ட்ரலிலிருந்து கிள்ளான் ஒரு மணி நேரம். அதே தடம்தான், நடைமேடையை மட்டும் பார்த்து ஏறுங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு ஐந்தாறு நிமிட நடை, கிராப் டாக்சி பிடிக்க வேண்டாம். சரோஜா கடையில் மாலதியின் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் வெட்டிவைத்த ரவிக்கைத் துணி இடுப்பு உயரத்துக்கு. தீபாவளிக்கு எப்படித் தைத்துக் கொடுப்பாய் என்று கேட்டதற்கு, திருடியை வைத்துக்கொண்டு தைக்கச் சொல்கிறாயா என்றாள். பேங்குக்குப் போவோம், நட என்றேன்.

பேங்கில் எங்கள் முறை வர முக்கால் மணி நேரம் ஆனது. கவுண்டரில் ஒரு தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கலாம். சரோஜா நான் வாங்கிவந்த பர்ஸை எடுத்து மேசையில் வைத்து, இனிமேல் இதில்தான் கார்டை வைப்பேன் என்றாள். அவர் பொறுமையாகச் சொன்னார். வீடியோவில் வரும் அந்த மெஷின் கார்டுக்கு ஒட்டினாற்போல, இரண்டு விரல் தூரத்துக்குள் வந்தால்தான் வேலை செய்யும். அப்படியே வந்தாலும் கார்டைத் தட்டிக் காசு கட்டுவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது, 250 வெள்ளிக்கு மேல் போனால் பின் நம்பர் கேட்கும். இவளுடைய காசு போனது கார்டைத் தட்டியதால் இல்லை. யாரோ கார்டு நம்பரைக் கையால் அடித்து இணையத்தில் வாங்கியிருக்கிறார்கள். சில வெளிநாட்டுக் கடைகள் கைப்பேசிக்கு வரும் நம்பரைக்கூடக் கேட்பதில்லையாம். ஆகவே கார்டில் எழுதியிருப்பதை யாரோ கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

“அதான் சொல்றேன் தம்பி. தைக்கிற பொண்ணுதான் பாத்துருக்கா” என்றாள் சரோஜா.

அவர் கார்டைக் கேட்டு வாங்கினார். புதுமாதிரி கார்டு. முன்பக்கம் வெறும் படம். பெயர், நம்பர், தேதி, ரகசிய மூன்று எண் எல்லாம் பின்பக்கத்தில் ஒன்றாக இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விளிம்பில் நகத்தால் சுரண்டினார்.

“என்ன ஆன்டி மஞ்சளா ஒட்டியிருக்கு?”

“அது சந்தனம். ஆயுத பூஜைக்கு மெஷினோட வச்சுக் கும்பிட்டேன். இப்ப இதுவும் நமக்கு ஆயுதம்தானே.”

அவள் அதைச் சொன்னதும் எனக்கு அந்தப் படம் அப்படியே கண்ணில் வந்தது. தையல் மெஷினுக்கு மாலை. அதன் முன்னால் மூன்று கத்தரிக்கோல், அளவு நாடா, நான்கு எலுமிச்சம்பழம். இஸ்திரிப் பெட்டியில் சாய்த்து வைத்த கார்டு, மேல் மூலையில் சந்தனம், குங்குமம். எழுத்து இருக்கும் பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. பூஜையன்றே கோயில் மாதர் குழுவின் வாட்ஸ்அப்பில் அவள்தான் போட்டாள். நான்கூடக் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

போனை எடு என்றேன். அவள் எடுக்கவில்லை. நான் என் போனைத் தேடித் திறந்து அந்தப் பையனிடம் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினார். பெயர் தெரிந்தது, நம்பர் தெரிந்தது, தேதி தெரிந்தது. மூன்று எண்ணும் குங்குமத்துக்குச் சற்றுக் கீழே சுத்தமாகத் தெரிந்தது.

“ஆன்டி, இந்தக் குரூப்ல எத்தனை பேர்?”

இருநூற்றுச் சொச்சம் பேர். சேருவதற்கான கியூஆர் கட்டத்தைக் கோயில் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போனைக் காட்டிச் சேரலாம்.

“சாமிக்குத்தான்கா எடுத்தேன்” என்றாள் சரோஜா என்னைப் பார்த்து.

“சாமிக்கு எடுத்ததை இருநூறு பேருக்கு எதுக்கு அனுப்புன?”

யார் அடித்தது என்று இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் பையன். கண்டுபிடிக்க முடியாமலும் போகலாமாம். ஆனால் நூல் வாங்கப் போன பெண்மேல் சொல்ல இதில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். முதல் தடவை காசு போனது பூஜையன்று இரவு. மாலதி கையில் கார்டு போனது அதற்கு மறுநாள். பேங்க் அனுப்பிய கணக்குத் தாளில் அச்சாகி இருந்ததைச் சரோஜா வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எனக்குத் தேதி பார்க்கத் தெரிகிறது.

பழைய கார்டை முடக்கிவிட்டு, போலீஸ் புகார் எடுத்துவரச் சொன்னார்கள். அதற்கு ஒரு மணி நேரம் போனது. போலீஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் சரோஜா மாலதிக்குப் போன் போட்டாள். நாளைக்கு வந்துவிடு, ரவிக்கை கிடக்கிறது என்று மட்டும் சொல்லப் போனாள். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டேன்.

ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. மாலதி கதவைத் திறந்து எங்களை உட்காரச் சொன்னாள், மரியாதையில் குறைவில்லை. மாமியார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா, தப்பு நடந்துபோச்சு, மனசில் வைக்காதே, கூடக் கொடுக்கிறேன் வா என்று மெல்லச் சொன்னாள்.

மாலதி குரலை உயர்த்தவில்லை.

“என்கிட்ட சொல்றது சரி ஆன்டி. நீங்க பையைக் கொட்டுன அன்னியிலேருந்து அத்தை பீரோவைப் பூட்டி சாவியை இடுப்புல செருகிக்கிறாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. இப்பவே, எனக்குக் கேக்குற மாதிரி.”

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் எழுந்து போய் அந்த அம்மாவின் முன்னால் நின்றாள்.

“மாலதி எடுக்கலைங்க. நான்தான் கார்டைப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டிட்டேன். அவமேல பழி போட்டது நான்தான்.”

அந்த அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “நான் அன்னிக்கே நெனைச்சேன், நம்ம புள்ள அப்படிச் செய்யாதுன்னு” என்றார். மாலதி சிரித்துவிட்டாள், சந்தோஷச் சிரிப்பு இல்லை. நாங்கள் டீ குடித்துவிட்டு இறங்கும்வரை சாவி இடுப்பில்தான் இருந்தது.

இரவு ஏழு மணி ரயிலில் திரும்பினேன். கிள்ளான் ஸ்டேஷனில் இன்னொரு சோதனை. சரோஜா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தின் அலுமினியத் தாளைப் பிரித்து, பயணக் கார்டை அதில் சுற்றித் தட்டினேன். அப்போதும் கதவு திறக்கவில்லை. 39 வெள்ளி செய்த வேலையை அந்தத் தாளும் செய்தது. ஆகவே தடுக்கிற பர்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பழைய பர்ஸ் கிழிந்திருந்தால் வாங்குங்கள், பயந்துபோய் வாங்காதீர்கள். கார்டு வந்த அன்றே அந்த மூன்று எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு, மேலே ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி பேங்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்குவதில்லை என்றால் அதையே அடைத்துவைக்கச் சொல்லலாம், இலவசம்தான். கார்டைப் பூஜையில் வைப்பதில் தப்பில்லை, கேமராவை எடுக்காதீர்கள். காசு போனால் முதலில் தாளில் உள்ள தேதியைப் பாருங்கள், மனுஷரைப் பிறகு பார்க்கலாம். காசு திரும்ப வருமா என்று பேங்க் இன்னும் சொல்லவில்லை. படத்தை அவளே போட்டதால் வராமலும் போகலாம்.

மாலதி கடைக்குத் திரும்பவில்லை. மிச்சம் இருந்த ரவிக்கைகளை வீட்டிலேயே தைத்துத் தருகிறேன், துணியை ஆன்டியே கொண்டுவந்து கொடுத்து, ஆன்டியே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். தீபாவளி முடிந்தும் அதே ஏற்பாடுதான். என் தங்கை வாரத்துக்கு இரண்டு தடவை துணி மூட்டையோடு மூன்று மாடி ஏறுகிறாள், மாமியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்குகிறாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. முழங்கால் வலிக்கிறது, கூட வந்து ஒரு பக்கம் தூக்கு அக்கா என்று கேட்டாள். எனக்கும் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.