சரோக்கா வெட்டி எடுத்த பெயர்கள்

சரோக்கா போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகள் மீரா எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, அம்மா..." என்று தொடங்கி, மிச்சத்தை டேனிஷில் சொன்னாள். நான் பஸ்ஸில் நின்றேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

இங்கே டென்மார்க்கில், சில்க்போர்க்கில், பலருக்கு அவரை முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு சமைத்துக் கழுவி வேலை செய்தவராகத்தான் தெரியும். அதற்கு முந்திய சரோக்கா வேறு ஆள்.

தெற்கில், கொழும்பில், ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்காளர், அச்சுக்கு முன் பிழை திருத்துகிற வேலை. கணவர் ராஜன் அண்ணை அங்கேயே நிருபர். அவர் எழுதுவார், இவர் சிவப்புப் பேனையோடு காத்திருப்பார். ஒருநாள் பிழையே இல்லாமல் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாராம். அன்றைக்கே தனக்கு ஆளில் சந்தேகம் வந்துவிட்டது என்பார்... பிறகு கல்யாணம்.

அந்தப் பேனை டென்மார்க்குக்கும் வந்தது. கோயில் நோட்டீஸ், கடை விளம்பரம் ஒன்றும் தப்பாது. என் மகனின் பிறந்தநாள் கேக்கில் இருந்த ஓர் எழுத்தைக்கூடக் கத்தி முனையால் சுரண்டித் திருத்தினார். எனக்குச் சரியான கோபம். கேக் நல்லாய்த்தான் இருந்தது.

அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் உடுப்பு குறைவு, பேப்பர்தான் கூட. வெட்டி ஒட்டிய செய்திகள், இரண்டு பேரின் கடிதங்கள், ராஜன் அண்ணையின் குறிப்புகள். கொழும்பில் தமிழ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்க் காணாமலாக்கிய காலம் அது. பார்த்த ஓட்டோக்காரர், லொட்ஜ்காரர், அம்மாமார், மனைவிமார்... ராஜன் அண்ணையிடம் வந்து சொன்னவர்கள். அச்சில் அவர்களின் பெயர் வராது. குறிப்பில் இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் ராஜன் அண்ணை காலமானார். ஓர் ஆவணக் காப்பகம் அந்தப் பேப்பர்களைக் கேட்டது. குடுக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார் சரோக்கா.

பிறகு ஒருநாள் போனபோது சவரப் பிளேட்டும் கையுமாக இருந்தார். காணாமல் போனவர்களின் பெயரில் கை வைக்கவில்லை. வந்து சொன்னவர்களின் பெயரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

"பேர் வராது எண்டு அவர் வாக்குக் குடுத்தவர். பேப்பரிலை மட்டும் வராது எண்டு சொல்லேல்லை."

பேர் இல்லாவிட்டால் ஆர் நம்புவினம் என்றேன். நம்பாட்டிப் போகட்டும் என்றார்.

முதலில் துண்டுகளை எரித்தார். புகை அலாரம் கத்தி, மேல்வீட்டு டேனிஷ்காரர் ஓடிவந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். போடுவதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் ஒருதடவை வாய்விட்டு வாசிப்பார். வாசலில் நிற்கிறவர்களை உள்ளே கூப்பிடுகிற மாதிரி... எனக்கு அங்கே இருக்கப் பயமாக இருந்தது.

குசினியிலும் தட்டுக் கழுவும்போது உதடு அசையும். சாமி கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"இல்லையடி. அந்தப் பேர்க்காரர் வந்து நிக்கினம்" என்றார்.

நான் அடுத்த தட்டை எடுத்தேன்.

நேற்று வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காப்பகத்து வான் வருகிறது. கடைசிக் கட்டு ஒன்று வெட்டாமலே மேசையில் இருந்தது. பக்கத்தில் பிளேட், கண்ணாடி, கிண்ணம்.

அதை அப்படியே பெட்டிக்குள் வைத்துவிடுவோமா என்று நான்தான் கேட்டேன். மீரா பிளேட்டைக் கையில் எடுத்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. பிறகு தமிழிலேயே சொன்னாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுதானே அன்ரி. நான் வெட்டலாம்."

நான் பெயர்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டேன். அவள் வெட்டினாள். ஒவ்வொரு துண்டையும் வாங்கி, சரோக்கா செய்தமாதிரியே ஒருதடவை வாசித்து, தண்ணீரில் போட்டேன். அவர்கள் யார், இப்போது இருக்கிறார்களா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மை கரைந்து தண்ணீர் நீலமாகிவிட்டது. ஊற்றிவிட மீராவுக்கு மனம் வரவில்லை. கிண்ணம் இன்னும் ஜன்னலடியில்தான் இருக்கிறது.

இன்று காலை குசினியில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். இல்லத்து டேனிஷ் அம்மா ஒருவர் கதவில் நின்று, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார்.

என் வாய் அசைந்தது எனக்கே தெரியாது...

இறுதிக்கிரியை நேரத்தை மீரா இந்தப் பதிவின் கமெண்டில் போடுவாள்.

சரோக்கா, எல்லாம் முடிஞ்சுது. ஒரு பேரும் வெளியிலை போகேல்லை. நீங்கள் ஆறுதலாப் போங்கோ.

அவை இப்ப என்னட்டை வந்து நிக்கினம்.