பூட்ஸ் போட்ட பேக்

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பெரம்பலூர் பஸ்ஸின் கண்டக்டர்தான் சேதி சொன்னார். ரத்தினம் அண்ணன் விஷக்காய்ச்சலில் போய்விட்டாராம். அரியலூர் டவுன் ஃபுட்பால் டீமில் அவர் பேக், கோலுக்கு முன்னால் நின்று மறிப்பவர்; நான் கோல்கீப்பர். வருஷக்கணக்கில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவன். முகத்தைவிட அந்த முதுகுதான் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

அவர் ஆட்டத்தைப் பற்றி அரியலூர்க்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் புலி, ஒரு நாள் எலி என்று கடைத்தெருவே கேலி பேசியது. திருச்சியிலிருந்து வந்த டீமை ஒருமுறை தனியாளாக மறித்தார். பந்தோடு வந்தவன் வெறுமனேதான் திரும்பினான். அடுத்த வாரம் திருமானூர்க்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு அவர் காலையே நீட்டவில்லை. ஆள் வர வரப் பின்வாங்கி, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். கோல்மேல் கோல் விழுந்தது. "உள்ள பூந்து எடுங்கண்ணே" என்று தொண்டை வற்றக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "வரட்டும்டா, பின்னால நீ இருக்கீல்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் டீமில் பூட்ஸ் போட்டவர் அவர் ஒருவர்தான். சின்ன வயதில் சுண்ணாம்புக் காளவாயில் உள்ளங்கால் வெந்துபோனதால் வெறுங்காலோடு அவரால் ஓட முடியாது. 'துரை வர்றாரு' என்று அதற்கும் ஒரு கேலி. சிரித்துக்கொண்டே நாடாவைக் கட்டுவார்.

திருச்சி மைதானத்தில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. கோப்பைக்கான கடைசி ஆட்டம் திருச்சி டீமோடு அங்கேயே அமைந்தது. ஆனால் திருமானூர் ஆட்டத்தை மனதில் வைத்துக் கேப்டன் அவரை எடுக்கவில்லை. அண்ணன் ஏனென்று கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து, "ஜெயிச்சுட்டு வாங்கடா" என்று எங்களை ரயிலேற்றி அனுப்பினார். நாங்கள் தோற்றுத் திரும்பினோம். அதற்குப் பிறகு அப்படியொரு ஆட்டம் அவருக்கு வாய்க்கவே இல்லை.

சாவு வீட்டுக்குத் திருமானூர் டீமின் மாணிக்கம் வந்திருந்தார். நடவைப் பாதியில் விட்டு வந்தவர். காலில் சேறு காய்ந்திருந்தது. அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எங்களிடம் சொன்னார்:

"அவரு பூட்ஸு எங்க கால்ல ஒரு தடவகூடப் பட்டதில்லீங்க. ஏன்ணே ஒதுங்கிப் போறீங்கன்னு நானே கேட்டேன். 'வெறுங்காலோட வர்றீங்க, வெரலு ஒடஞ்சா நாளைக்கு யாருடா ஏரு ஓட்டுறது'ன்னாரு."

கேப்டன் எழுந்து வெளியே போய்விட்டார். திருச்சிக்காரர்கள் பூட்ஸ் போட்டவர்கள், திருமானூர்க்காரர்கள் வெறுங்கால்காரர்கள். எதிரே வருகிறவனின் காலைப் பார்த்துத்தான் அவர் ஆடியிருக்கிறார். இத்தனை வருஷம் கூடவே ஆடிய எங்களில் ஒருவருக்கும் அது தெரியாமல் போயிற்று. அந்தத் திருச்சி ஆட்டம் அவருக்கென்றே வந்தது. அதை அவருக்குக் கிடைக்காமல் செய்துவிட்டோம்.

'பின்னால நீ இருக்கீல்ல' என்ற அவருடைய சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைச் சால்ஜாப்பு என்றே நினைத்திருந்தேன். என்னை நம்பித்தான் வழிவிட்டார் என்று தெரிந்திருந்தால், அந்தப் பந்துகளில் ஒன்றையாவது பிடித்திருப்பேன்.