அயர்லாந்துக்குப் போன ஊற்று

அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம் திரும்பி வந்தபோது அதன் அட்டையில் தேநீர்க் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது. இடப்பக்கம் முழுவதும் அயர்லாந்து, வலப்பக்கம் முழுவதும் நாஞ்சில் நாடு. இந்த ஒழுங்கை முதல் பக்கத்தில் நான்கு வரியில் விளக்கியிருந்தேன். எங்கள் ஆங்கிலத் துறைத் தலைவர் முதல் பக்கங்களைப் படிக்கிறவர் அல்லர்.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலம் அது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். ஆண்டுதோறும் அவர் கையெழுத்திட்டால்தான் வேலை நீளும். நிரந்தரமாக்க ஒரு கட்டுரை வேண்டும் என்றார். அயர்லாந்து இலக்கியத்தைப் பற்றி ஐந்து மாதம் எழுதினேன்.

இடப்பக்கங்களில் நான் சொன்னது இதுதான்: அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் அந்த எழுத்துக்கு அடியில் ஓடுவது பழைய கெல்டிய நம்பிக்கை. அவர்களுக்கு நீருக்கும் மரத்துக்கும் குன்றுக்கும் உயிர் உண்டு. குன்றுகளுக்குள் வேறொரு மக்கள் வாழ்கிறார்கள். அங்கே ஓர் இரவு தங்கியவன் திரும்பினால் இங்கே நூறாண்டு கழிந்திருக்கும். வசைபாடிய புலவனின் சொல் அரசன் முகத்தில் கொப்புளமாக எழும்பும். கிறிஸ்தவத் துறவிகள் இவற்றை அழிக்கவில்லை. ஏட்டில் எழுதி வைத்தார்கள். தேவதையின் ஊற்றுக்குப் புனிதரின் பெயரைச் சூட்டினார்கள். அதனால்தான் அவர்களுடைய நாடகங்களில் செத்தவர்களும் இருப்பவர்களும் ஒரே அடுப்பருகே உட்கார்ந்து பேசுகிறார்கள். வலப்பக்கங்களில் இவற்றுக்கு இணையான நம் வழக்கங்களை எழுதினேன்; ஆளைச் சாகடிக்க அறம் பாடுவது முதல் மரத்தில் துணி கட்டுவது வரை.

அவர் நடுவில் நாலு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார். "என்ன டீச்சர், இங்கிலீஷ் டிபார்ட்மெண்டுல சாமியாட வந்தியளா? இதெல்லாம் இலக்கியமா? வச்சிட்டுப் போங்க, பாக்கேன்."

இரண்டு மாதம் வைத்திருந்தார். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. 'அயர்லாந்து இலக்கியத்தின் கெல்டிய ஆன்மா' என்று சிறப்புரை; ஆற்றுபவர் துறைத் தலைவர். கடைசி வரியில், நன்றியுரை என்று என் பெயர்.

என் வாக்கியங்களை அவர் குரலில் கேட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திருடுகிறவனுக்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். இவரிடம் அதுவும் இல்லை. இடமும் வலமும் கலந்து அப்படியே வாசித்தார். பூதப்பாண்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஊற்றைப் பற்றி, பெயர் குறிக்காமல், 'எங்கள் ஊற்று' என்றே எழுதியிருந்தேன். நிறைமாதப் பெண்ணொருத்தியின் குதிகால் பட்டுப் பாறை பிளந்து ஊற்றான கதை அது. பிள்ளை வேண்டும் பெண்கள் ஈரத்தலையோடு வந்து, முந்தானை ஓரத்தைக் கிழித்து மரத்தில் கட்டிவிட்டு, யாரிடமும் பேசாமல் வீடு திரும்புவார்கள். ஏதோ ஐரிஷ் புத்தகத்திலிருந்து நான் எடுத்தெழுதியது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முந்தானையை மட்டும் மேலாடையாக்கி, ஊற்றை அயர்லாந்தில் வைத்துவிட்டார்.

பக்கத்திலிருந்த கணக்குத்துறைத் தோழி என் முழங்கையில் இடித்தாள். "ஏட்டி, அது நம்ம ஊத்துல்லா? எங்க மயினி போன மாசம் துணி கெட்டீட்டு வந்தாளே. அது எப்பம்ட்டி கப்பலேறிச்சு?"

கல்லூரி முதல்வர் வியந்துபோய், அந்த ஊற்று அயர்லாந்தில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்டார். "மேற்குக் கரையில், சார்" என்றார் இவர், இமைக்காமல்.

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாய வச்சிட்டு சும்மா இரி. ஏப்ரல்ல ஆர்டர் வரணும்லா?"

அது எனக்கும் தெரியும். மேடையேறினேன். எல்லாருக்கும் முறைப்படி நன்றி சொன்னேன். கடைசியில், "தலைவர் சொன்ன ஊற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் அயர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. வடசேரியில் பூதப்பாண்டி பஸ் ஏறினால் போதும்" என்றேன்.

அரங்கம் சிரித்து அடங்க நெடுநேரமாயிற்று. அவர் மட்டும் தம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் நோட்டைப் பியூன் கையில் கொடுத்தனுப்பினார்.

ஏப்ரலில் உத்தரவு வரவில்லை. ஜூனில் மயிலாடிக்கு அருகே ஒரு பள்ளியில் சேர்ந்தேன். அவ்வூர்ச் சிற்பிகளின் கல்லுளிச் சத்தத்துக்கு மேல் குரலெழுப்பி ஆங்கில இலக்கணம் நடத்தினேன். இன்றுவரை அதே வேலைதான். அயர்லாந்தைப் பற்றி அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை. அதை எழுத எனக்கிருந்த வயதையும் ஓய்வையும் அந்த மனிதர் எடுத்துக்கொண்டார்.

சென்ற மாதம் அவர் இறந்தார். அயர்லாந்து இலக்கியத்தை நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று இரங்கல் கூட்ட அழைப்பில் அச்சிட்டிருந்தார்கள். நானும் பேச வேண்டுமாம். செத்தவரைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த நல்லது ஒன்றுமில்லை என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி, அன்றைய தபாலிலேயே சேர்த்துவிட்டேன்.